அறையை மாற்றினால் அனுபவம் மாறுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. சொந்த ஊர் பொள்ளாச்சி, வேலை பெங்களூரில். ஒன்றரை வருடமாக மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் சாப்பிடுகிறேன். பரவாயில்லை, ஆனால் முழுசாகச் சரியாகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் என் நண்பர்கள் இரண்டு பேர் கொடைக்கானல் போய் மேஜிக் மஷ்ரூம் சாப்பிட்டார்கள். ஒரே ஆளிடம் வாங்கியது, ஒரே ராத்திரி. ஒருவன் ‘இவ்வளவு நிம்மதியாக வாழ்க்கையில் இருந்ததே இல்லை’ என்கிறான். இன்னொருவன் செத்துவிடுவோம் என்று பயந்து அலறியிருக்கிறான். இப்போதும் சரியாகத் தூங்குவதில்லை. ஆபீசில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். மருந்தைவிட மனநிலையும் சூழலும்தான் முக்கியம் என்று படித்தேன். அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சி நடக்கும் அறை ஒன்றின் போட்டோவும் பார்த்தேன்: சோபா, மங்கலான விளக்கு, ஹெட்போன். என் அறையையும் அப்படியே அமைத்துக்கொண்டு, மாத்திரையைச் சில வாரம் நிறுத்திவிட்டு, நல்ல இசையோடு ஒருமுறை முயன்று பார்க்கலாமா? சூழல்தான் எல்லாம் என்றால் குணப்படுத்துவது மருந்தா, அறையா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனநோய் கிடையாது. சித்தப்பா ஒருவர் மட்டும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார், பல வருடம் மருந்து சாப்பிட்டார்.
— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: உங்கள் கேள்வி இருக்கட்டும், முதலில் அந்த இரண்டாவது நண்பர். அந்தக் காளானில் இருக்கும் பொருள் சைலோசைபின்; அது உடம்பில் வேலை செய்வது சுமார் ஆறு மணி நேரம். மூன்று வாரம் கழித்தும் ஒருவர் தூங்காமல், எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் அதை ‘பேட் ட்ரிப்’ என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. சைக்கோசிஸ் என்று நாங்கள் சொல்லும் மனப்பிறழ்வின் தொடக்கமாக இருக்கலாம், கடுமையான பதற்றமாகவும் இருக்கலாம். எது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஞாயிறு என்று தள்ளாமல் உடனே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். காளான் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். போலீசுக்குப் போய்விடுமோ என்று பயப்படுவார்; சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ராத்திரியில் நிலைமை மோசமானாலோ, சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ, தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கஞ்சாவும் மதுவும் இப்போது அவர் பக்கத்தில் வரவே கூடாது.

இன்னொன்று. ‘நீ மனசை ஒழுங்காக வைத்துக்கொண்டு சாப்பிடவில்லை, அதான்’ என்று யாரும் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். சூழல், மனநிலை என்ற இந்தப் பேச்சில் எனக்குப் பிடிக்காத பக்கம் இதுதான். நன்றாகப் போனால் காளானுக்குப் புகழ், கெட்டுப்போனால் சாப்பிட்டவன் மேல் பழி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரே ஆளிடம் வாங்கியது, ஒரே ராத்திரி என்கிறீர்கள். ராத்திரி வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம். காளானுக்குக் காளான் சைலோசைபின் அளவு மாறும், பக்கத்தில் பக்கத்தில் முளைத்ததாக இருந்தாலும். விற்றவருக்கே அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது; இடையில் ஒரு விஷக்காளான் கலந்திருந்தாலும் தெரியாது. அதனால் உங்கள் நண்பர்களின் கதையை மட்டும் வைத்துச் சூழலைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆனால் நீங்கள் படித்தது பொய்யில்லை. அளவைச் சரியாக நிறுத்துக் கொடுத்த ஆராய்ச்சிகளிலும் இதே வித்தியாசம் வந்திருக்கிறது, அதுவும் முதல் நாளிலிருந்தே.

1943 ஏப்ரல் 19-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் தான் தயாரித்த எல்.எஸ்.டி.யில் (சைலோசைபின் மாதிரியே மனதை மாற்றும் பொருள்) 250 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டார். அது மிகச் சிறிய அளவு என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பாகி, உதவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். வீட்டுச் சாமான்களெல்லாம் பயங்கரமாகத் தெரிந்தன. பால் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தார். விஷம் ஏறிவிட்டது, சாகப்போகிறோம் என்றே நினைத்துவிட்டார். டாக்டர் வந்து எல்லாம் சோதித்துப் பார்த்தார். கண்பாவை விரிந்திருந்ததைத் தவிர ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகுதான் பயம் விலகி, மூடிய கண்ணுக்குள் ஓடிய வண்ணங்களை அவரால் ரசிக்க முடிந்தது. அந்த நேரத்தில் மருந்தின் உச்சமும் இறங்க ஆரம்பித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கைக்குரிய ஒருவர் வந்து சொன்னதும் அனுபவத்தின் முகமே மாறியது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இது எப்படி நடக்கிறது என்று இன்றைக்கு ஓரளவு தெரியும். எல்.எஸ்.டி., சைலோசைபின் இரண்டும் மூளையில் செரோட்டோனின் 2ஏ என்ற ஏற்பியை, அதாவது நரம்புச் செல்லில் இந்த மருந்துகள் போய் ஒட்டும் இடத்தை, தூண்டுகின்றன. சூரிச்சில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களுக்குச் சில பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். ‘இது எனக்கு ஒன்றுமே இல்லை’ என்று அவர்களே முன்பு ஒதுக்கிய பாட்டுகள், எல்.எஸ்.டி. எடுத்த நிலையில் தங்களுக்கென்றே பாடப்பட்டதுபோல அர்த்தம் நிறைந்ததாகத் தோன்றின. கெடான்செரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்து அந்த ஏற்பியை அடைத்தபோது அந்த அர்த்தமும் வரவில்லை. ஆக, எதற்கு எவ்வளவு அர்த்தம் கொடுப்பது என்கிற இடத்திலேயே இந்த மருந்துகள் கை வைக்கின்றன. திருவிழா மைக்செட் பாட்டையும் பெருக்கும், பக்கத்தில் நடக்கும் சண்டையையும் பெருக்கும். அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

1950களின் மருத்துவர்கள் இது எதுவும் தெரியாமல்தான் தொடங்கினார்கள். எல்.எஸ்.டி. தற்காலிகப் பைத்தியத்தை உண்டாக்கும் மருந்து என்பது அவர்கள் எண்ணம். அப்படி நினைத்தால் ஆஸ்பத்திரி அறை எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டு, ஊசி, வரிசையாகக் கேள்விகள், குறிப்பெடுக்கும் ஆட்கள். அந்தச் சூழலில் பலருக்குச் சந்தேகமும் பீதியும் வந்ததில் ஆச்சரியமில்லை. பாஸ்டனில் இந்த ஆய்வுகளைச் செய்த ராபர்ட் ஹைடின் குழுவே, ஆய்வாளர் விறைப்பாக நடந்துகொண்டால் எடுத்தவரும் முரண்டு பிடிக்கிறார் என்று எழுதியது.

இதைக் கூர்மையாகப் பிடித்தவர் ஆந்தனி வாலஸ் என்ற மானிடவியலாளர். மெஸ்கலின் என்பது பெயோட்டி என்ற கள்ளிச்செடியில் இருக்கும் பொருள். ஒரு பக்கம் ஆஸ்பத்திரியில் மெஸ்கலின் எடுத்த வெள்ளைக்காரர்களைப் பற்றிய குறிப்புகள். மறுபக்கம் தங்கள் வழிபாட்டில் ராத்திரி முழுவதும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, முரசுக்குப் பாடி, பெயோட்டி சாப்பிடும் அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றிய குறிப்புகள். 1959-இல் இரண்டையும் அவர் ஒப்பிட்டார். முதல் கூட்டத்தில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன, கூச்சம் விட்டுப்போனது, அடுத்தவர் மேல் சந்தேகம் வந்தது. இரண்டாம் கூட்டத்தில் பக்தி, ஒழுங்கு, மனநிறைவு, சிலருக்கு நோய் தீர்ந்த உணர்வு. பொருள் ஒன்றேதான். அந்தப் பழங்குடியினருக்கு என்ன வரும், வந்தால் அதற்கு என்ன பொருள், பயந்தால் யார் பக்கத்தில் இருப்பார், விடிந்ததும் என்ன செய்ய வேண்டும் எல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான்கு சுவருக்குள் அடங்காத சூழல் அது. என் நோயாளிகள் ‘செட்டிங்’ என்று சொல்லும்போது விளக்கையும் பாட்டையும் மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வாலஸின் இரண்டாம் கூட்டம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதே காலத்தில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட், ஏப்ரம் ஹாஃபர் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார்கள். எல்.எஸ்.டி., சைலோசைபின் மாதிரியான மருந்துகளைக் குறிக்கும் சைகடெலிக் என்ற சொல்லையே உருவாக்கியவர் இந்த ஆஸ்மண்ட். இங்கே சுவையான ஒரு கிளைக்கதை உண்டு. கியோஷி இசுமி என்ற கட்டடக் கலைஞருக்கு மனநல மருத்துவமனை வடிவமைக்கும் வேலை வந்தது. நோயாளியின் கண்ணுக்கு ஆஸ்பத்திரி எப்படித் தெரியும் என்று புரிந்துகொள்ள அவர் தானே எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு பழைய மனநல விடுதிக்குள் சுற்றினார். நமக்குச் சாதாரணமாகப் படும் நீண்ட தாழ்வாரமும் கூட்டமான பொது வார்டும் எவ்வளவு மிரட்டும் என்று அவருக்குப் புரிந்தது. அதைத் தவிர்த்து அவர் வடிவமைத்த யார்க்டன் மனநல மையம் 1960களில் எழுந்தது. மருந்துக்கு ஏற்ற அறை எது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, அறையைத் திருத்துவதற்கு மருந்தைப் பயன்படுத்திக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் எனக்குத் தெரிகிறார். நம் ஊர் வார்டுகளைக் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படிக்க வேண்டும். எல்.எஸ்.டி. வேண்டாம், ஒரு ராத்திரி அங்கே படுத்துப் பார்த்தாலே போதும்.

சண்டை வந்தது டொராண்டோவில். சஸ்காச்சுவான் மருத்துவர்கள், தங்களிடம் வந்த குடிநோயாளிகளில் பாதிப் பேர்வரை தேறினார்கள் என்று சொன்னார்கள். டொராண்டோவின் ஆய்வாளர்கள் நம்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, நீங்களே கொடுத்து நீங்களே தேறினார் என்கிறீர்கள் என்றார்கள். மருந்தின் வேலையை மட்டும் தனியே அளக்க வேண்டும் என்று பரிவான பேச்சு, இசை எல்லாவற்றையும் விலக்கி, நோயாளியைக் கட்டிலோடு பெல்ட்டால் கட்டி எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. கட்டிப்போட்டுக் கொடுத்தால் எப்படித் தெரியும் என்றார் ஆஸ்மண்ட்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒப்பீடே இல்லாத புகழ்ச்சியை நம்பினால் மருத்துவம் வைத்தியர் விளம்பரமாகிவிடும். ஆனால் கட்டிலோடு கட்டுவதைச் ‘சூழலை நீக்கியது’ என்று நினைத்தார்களே, அங்கேதான் கோளாறு. கட்டிலும் பெல்ட்டும் ஒரு சூழல்தான், இருப்பதிலேயே மோசமான சூழல். சூழலே இல்லாத அறை எங்கேயும் கிடையாது. கர்ப்பிணிகள் சாப்பிட்டு, பிறந்த குழந்தைகளுக்கு ஊனம் உண்டாக்கிய தாலிடோமைடு மருந்தின் சோகத்துக்குப் பிறகு 1962-இல் அமெரிக்கச் சட்டம் மாறியது. மருந்துக்குப் பலன் உண்டு என்பதை ஒப்பீட்டுச் சோதனையால் நிரூபிக்க வேண்டும் என்ற விதி வந்தது. காய்ச்சல் மாத்திரைக்கும் ஆன்டிபயாடிக்கிற்கும் அந்த விதி அழகாகப் பொருந்தும். சைகடெலிக்குகள் அந்தச் சட்டையில் இன்றுவரை சரியாக நுழையவில்லை. பின்னால் 2012-இல், அந்தக் காலத்து ஒப்பீட்டுச் சோதனைகளில் ஆறை, 536 நோயாளிகளின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தார்கள். எல்.எஸ்.டி. எடுத்தவர்களில் 59 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 38 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். அந்த 38-ஐயும் கவனியுங்கள். ஒரு சிகிச்சை இடத்துக்கு வந்து, நான்கு பேர் அக்கறையோடு கவனித்ததற்கே அவ்வளவு பேர் தேறியிருக்கிறார்கள்.

நல்ல சூழலுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1962-ஆம் ஆண்டின் புனித வெள்ளிச் சோதனை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில், வால்டர் பான்கே என்ற மருத்துவர், இறையியல் மாணவர்கள் 20 பேரை உட்காரவைத்தார். பத்துப் பேருக்கு சைலோசைபின், பத்துப் பேருக்கு முகத்தைச் சிவக்கவைக்கும் நிகோடினிக் அமிலம். மேலே ஹோவர்ட் தர்மன் என்ற புகழ்பெற்ற போதகர் பிரசங்கம் செய்ய, கீழ்க்கூடத்தில் இவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். சைலோசைபின் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் கிடைத்தது. இந்த அளவுக்குத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ரிக் டோப்ளின் என்ற ஆய்வாளர் பல வருடம் கழித்து அந்த ஆட்களைத் தேடிப்பிடித்துப் பேசி 1991-இல் எழுதிய கட்டுரையில் மீதிக் கதை இருக்கிறது. எடுத்தவர்களில் ஒருவர் கட்டுக்கடங்காமல் போய், அவரை அமைதிப்படுத்த ஊசி போட வேண்டியிருந்தது. முதல் அறிக்கையில் அது சொல்லப்படவே இல்லை. தேவாலயம், புனித நாள், பக்தியுள்ள மாணவர்கள், நல்ல போதகர். இதைவிட ஏற்ற சூழல் ஒன்றை ஏற்பாடு செய்வது கடினம், தம்பி. அங்கேயும் ஒருவருக்கு அப்படி ஆனது.

நீங்கள் பார்த்த போட்டோ ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அறையாக இருக்கலாம். இந்த மாதிரி அறைகளுக்கு அதுதான் முன்மாதிரி. அங்கே ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமான 36 பேர் பங்கேற்றார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தங்கள் வாழ்க்கையின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். அதே 36 பேரில் 11 பேர் நடுவில் ஏதோ ஒரு கட்டத்தில் கடுமையான பயத்தை அனுபவித்தார்கள். அந்தப் பயத்தைத் தாண்ட முடிந்ததற்குச் சோபா காரணமில்லை. போட்டோவில் தெரியாதது எது என்றால்: முதல் டோசுக்கு முன்பே வழிகாட்டி அவர்களோடு நான்கு முறை, மொத்தம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் வாழ்க்கையையே பேசியிருந்தார். அன்றைக்குப் பயிற்சி பெற்ற இரண்டு பேர் கூடவே இருந்தார்கள். ரத்த அழுத்தம் அவ்வப்போது அளக்கப்பட்டது. பிறகும் பல முறை உட்கார்ந்து பேசினார்கள். இதற்கெல்லாம் முன்னால், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற ஒரு வடிகட்டல்.

அந்த வடிகட்டலில் உங்களை நிறுத்திவிடுவார்கள். ‘மட்டும்’ என்று போட்டுக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சித்தப்பா. தனக்குத்தானே பேசியது, பல வருடம் மருந்து என்றால் அது சைக்கோசிஸ் வகை நோயாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு மட்டுமல்ல, தாத்தா பாட்டி, மாமா, சித்தப்பா அளவிலும் அப்படி நோய் இருந்தால் சேர்க்க வேண்டாம் என்பது ஹாப்கின்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதல். பரம்பரையில் வரும் இந்த ஆபத்தை மங்கல் விளக்கும் வீணையும் குறைக்காது. சூழலைப் பெருக்குகிற மாதிரியே உள்ளே தூங்கிக்கொண்டிருப்பதையும் இந்த மருந்து பெருக்கலாம்.

இசையைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மனச்சோர்வுக்காக சைலோசைபின் எடுத்த 19 பேரிடம், அந்த இசை எந்த அளவுக்கு மனதில் பட்டதோ அந்த அளவுக்குப் பின்னாளில் சோர்வு குறைந்ததாகக் கண்டார்கள். அப்படியானால் எந்த இசை? புகைப்பழக்கத்தை விடவந்த 10 பேரிடம் ஹாப்கின்ஸில், மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் பதிலாக மணியோசை, கிண்ணத்தைத் தட்டி எழுப்பும் ரீங்காரம் மாதிரியானவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. சரியான ப்ளேலிஸ்ட் என்று இணையத்தில் விற்பவர்களை நம்ப வேண்டாம். இன்னொரு பக்கம், சூரிச் குழு 261 பேருக்குக் கொடுத்த 409 சைலோசைபின் டோஸ்களை ஒன்றாக அலசியபோது, அனுபவத்தை அதிகம் தீர்மானித்தது மருந்தின் அளவுதான் என்று தெரிந்தது. சூழலில் தூக்கலாகத் தெரிந்த ஒன்று, மூளையைப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தவர்களுக்கு வந்த பதற்றம். நல்ல அறை எவ்வளவு உதவும் என்பதைவிட, கெட்ட அறை எவ்வளவு கெடுக்கும் என்பதற்குத்தான் கையில் உறுதியான சான்று இருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: மருந்தா, அறையா? மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதற்குக் குறும்பான ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஓர் அறையில் வண்ண விளக்கு, ஓவியம், இசை எல்லாம் வைத்து, 33 பேரை உட்காரவைத்து, சைகடெலிக் என்று சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். 61 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஓவியம் அசைவதாகப் பார்த்தவர்களும் உண்டு. அறை இவ்வளவு செய்யும். ஆனால் 2ஏ ஏற்பியை அடைத்தால் உண்மையான மருந்துகூட வெறும் மாத்திரை ஆகிவிடும் என்பதையும் மேலே பார்த்தோம். இரண்டையும் பிரித்து, இத்தனை சதவீதம் இது, இத்தனை அது என்று பங்கு போட முடியாது. ஒன்று இன்னொன்றின் வழியாகத்தான் வேலை செய்கிறது.

ஆராய்ச்சிக்கு இது பெரிய தலைவலி. தனக்கு என்ன கிடைத்தது என்று நோயாளிக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்; வெறும் மாத்திரை கிடைத்தவர் ஏமாற்றத்திலேயே இன்னும் சோர்ந்துபோவார். ஒரு மையத்தில் நல்ல பலன் வந்து இன்னொரு மையத்தில் வரவில்லை என்றால் அறை வேறா, ஆட்கள் வேறா, நோயாளிகள் எதிர்பார்த்து வந்தது வேறா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவற்றை எழுதிவைப்பதே இல்லை. அதற்காகத்தான் 2025-இல் இந்தத் துறை வல்லுநர்கள் கூடி, இனிமேல் சோதனை அறிக்கைகளில் சூழலைப் பற்றிக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 30 விஷயங்களைப் பட்டியலிட்டார்கள். இது முன்பே வந்திருக்க வேண்டும். மருந்தின் அளவை மில்லிகிராம் சுத்தமாக எழுதிவிட்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை ‘வசதியான அறை’ என்று இரண்டு வார்த்தையில் முடிப்பது என் கண்ணுக்கு அரைகுறை அறிவியல்தான். ஹாப்கின்ஸ் அறையில் வைத்திருந்த புத்தர் சிலையைக்கூட அங்கேயே வேலை செய்த மேத்யூ ஜான்சன் 2021-இல் கேள்வி கேட்டார்: நோயாளிக்கு எந்த ஆன்மிகம் கிடைக்க வேண்டும் என்று நாம் ஏன் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறோம் என்பது அவர் கவலை. சரியான கவலை. எல்.எஸ்.டி. எடுத்தவர் மற்றவர் சொல்வதை எளிதில் ஏற்றுக்கொள்கிறார் என்று 2015-இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. அந்த நிலையில் பக்கத்தில் இருப்பவர் நல்லவராக இல்லாவிட்டால்? கனடாவில் எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு மனதை மாற்றும் மருந்தின் சோதனை ஒன்றில் சிகிச்சையாளர்களே எல்லை மீறி நடந்துகொண்டது வெளியே வந்தது. முறையான சோதனையில், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படியென்றால், ‘நான் கைடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மலைமேல் சொல்லும் ஆளை எதை வைத்து நம்புவது?

உங்கள் அறைக்கு வருகிறேன். வேண்டாம். இந்தியாவில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, வைத்திருப்பதே குற்றம். காலிங்பெல் அடித்தால் போலீசோ என்று துள்ளவைக்கும் பயத்தை எந்தத் திரைச்சீலையும் மறைக்காது. வாடகை வீடு, மேலே கீழே ஆட்கள், நடுவில் அழைக்கும் மேனேஜர், ஏதாவது ஆனால் ஆம்புலன்சைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கப்போகும் நண்பன். உங்கள் சூழல் என்பது இவ்வளவும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் கொடுக்கலாம். அங்கேயும் அது வீட்டுக்குக் கொண்டுபோகும் மாத்திரை இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். எஸ்சிட்டலோப்ராமைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். அடங்கியிருந்த சோர்வும் திரும்பலாம். மனநிலை முக்கியம் என்று படித்துவிட்டு, மனநிலையைக் கெடுத்துக்கொண்டு போய் அந்த அனுபவத்துக்குள் உட்காருவதாகிவிடும் அது.

முழுசாகச் சரியாகவில்லை என்கிறீர்களே, அதற்கு இங்கேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மருந்தின் அளவு போதுமா, தைராய்டு, பி12, வைட்டமின் டி பார்த்தாயிற்றா, தூக்கமும் குடியும் எப்படி, உளவியல் ஆலோசனைக்கு ஒழுங்காகப் போகிறீர்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் பலனில்லை என்றால் கெடாமின் சிகிச்சையும் ஆர்.டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல் சிகிச்சையும் பெங்களூரிலேயே சட்டப்படி கிடைக்கின்றன. கெடாமின் உங்களுக்கு ஏற்றதா என்பதிலும் சித்தப்பா விஷயத்தைக் கணக்கில் எடுப்பார்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: சித்தப்பாவுக்கு அது எந்த வயதில் தொடங்கியது, சோர்ந்து கிடந்த காலமும் ஒரேயடியாகத் துள்ளிய காலமும் மாறி மாறி வந்ததா, என்ன மருந்து கொடுத்தார்கள், பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று. லித்தியம் என்ற பெயர் தென்பட்டால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் இருதுருவ மனநோய்க்குக் கொடுப்பது. அந்த நோய் குடும்பத்தில் இருந்தால், நீங்கள் இப்போது சாப்பிடும் மாத்திரையைத் தொடரும் முறையையே உங்கள் மருத்துவர் மறுபடியும் யோசிப்பார்.